பாட்டனார் திரட்டிய ஊர்திகள்

பொருள் திரட்டுவோர் பலவகையினர். பொன்னும் மணியும் திரட்டுவோர் சிலர். ஏடும் நூலும் தேடித் திரட்டுவோர் சிலர். அஞ்சல் தலையும் பழங்காசும் சேர்ப்போர் சிலர். திரட்டியவர் உள்ளளவும் அப்பொருள்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எது எங்கே உளது, எவரிடம் பெற்றது, எதன் பொருட்டு வந்தது என்பதெல்லாம் அவர் நெஞ்சில் நிற்கும். அவர் மறைந்ததும் அந்நினைவு மறைகின்றது. பொருள் மட்டும் எஞ்சுகின்றது. பின்வரும் மக்களும் பேரரும் அப்பொருளின் நடுவே நின்று, 'இது யாது? இங்கு ஏன் வந்தது?' என ஆராய வேண்டியவர் ஆகின்றனர். நிலமும் மனையுமாயின் ஆவணம் விடை கூறும். ஒரு பேழைக்குள் அடங்கும் பொருளாயின் ஒரு பகற்பொழுதிற் பார்த்து முடிக்கலாம். பாட்டனார் விட்டுச்சென்றவை அறுபது மோட்டார் வண்டிகளாயின் என் செய்வது? அவையும் துருவேறி, கொடி படர்ந்து, பெயர் சொல்லவும் அரியனவாய்க் கிடப்பின்? பிரெஞ்சு நாட்டில் ஒரு குடும்பத்தார்க்கு 2014ஆம் ஆண்டில் இந்நிலை வாய்த்தது.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் தெ-சேவ்ர் என்றொரு மாவட்டம் உண்டு. நியோர் என்பது அதன் தலைநகர். ரோஜே பாயோன் என்பவர் அவ்வட்டாரத்திற் சரக்கு லாரித் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர். பொருளீட்டுவோர் எல்லாரும் தம் தொழிலின் உறுப்புகளைக் கையாலே தொட்டு அறிந்தவர் ஆகார். பாயோன் அறிந்தவர். எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் தகட்டை வளைத்து உருவாக்கவும் வல்ல கை அவருடையது. 1947ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில், பெரிய தொழிற்சாலைகள் தத்தம் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில், அவர் தாமே செய்த வண்டி ஒன்றையும் கொண்டுவந்து நிறுத்தினார். 'நீலப் பறவை' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. எஃகும் ரப்பரும் கிடைத்தற்கு அரிய காலம் அது. அக்காலத்தில் ஒருவர் தம் மனத்திற் கண்ட வண்டியைத் தம் செலவில் உருவாக்கிக் காட்சிக்கு வைத்தார் என்றால், அவர் ஊர்தியின்பாற் கொண்ட காதல் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகையவர் பழைய வண்டிகளைத் திரட்டத் தலைப்பட்டார். அவற்றின் அருமையை அறிய வேண்டுமாயின், அக்காலத்து உயர்ந்த ஊர்திகள் எவ்வாறு உருவாயின என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இன்று ஒரு மோட்டார் வண்டி தொழிற்சாலையிலிருந்து முழுமையாய் வெளிவருகின்றது. ஓர் அச்சிற் பிறந்த ஆயிரம் வண்டிகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. 1920களிலும் 1930களிலும் செல்வர் வாங்கிய வண்டி இவ்வாறு பிறக்கவில்லை. தொழிற்சாலை கொடுத்தது எஃகாலான அடிச்சட்டம், அதன்மேற் பொருத்திய எஞ்சின், சக்கரம், திருப்புச் சக்கரம் ஆகியவையே. இருக்கையும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. இந்த எலும்புக்கூட்டை வாங்கியவர் மேற்கூடு கட்டும் கலைஞரிடம் அதனை அனுப்புவார். அவர் வாங்குவோரின் விருப்பம் கேட்டுப் படம் வரைவார். பிறகு ஆஷ் என்னும் மரத்தை இழைத்து, மூட்டுப் பொருத்தி, ஒரு சட்டகம் அமைப்பார். அதன்மேல் எஃகுத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்துப் போர்த்துவார். சக்கரத்தின் மேல் அலைபோல எழுந்து தாழும் வளைவு எந்திரத்தால் வந்ததன்று. ஒருவர் கண்ணால் அளந்து கையால் தட்டியதால் வந்தது. ஆதலின் ஒரே அடிச்சட்டத்தின் மேல் இருவர் கட்டிய இரு வண்டிகள் அண்ணன் தம்பி போலவும் இரா.

தமிழில் தேர் செய்வோர்க்கும் கதவு செய்வோர்க்கும் தச்சர் என்னும் ஒரு பெயரே வழங்குகின்றது. பிரெஞ்சு மொழியில் மேற்கூடு கட்டுவோர்க்கு வழங்கும் 'கரோசியே' என்னும் சொல், குதிரை வண்டிக்குக் கூடு கட்டியவரிடமிருந்து மோட்டார் வண்டிக்குக் கூடு கட்டியவரிடம் வந்து சேர்ந்தது. தொழில் மாறினும் கை மாறவில்லை என்பதைச் சொல்லே காட்டுகின்றது. அக்கலைஞருள் பெயர்பெற்ற ஜாக் சவுச்சிக் என்பார் ருஷியப் பேரரசில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர்; மேசை, பேழை முதலியன செய்யும் நுண்தச்சு வேலை பயின்று பாரிசில் குடியேறியவர். 1906ஆம் ஆண்டு அவர் தொடங்கிய பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டிகளை மன்னரும் வாங்கினர். மரத்தை அறிந்த ஒருவர் இரும்பையும் வசப்படுத்திய வரலாறு அது.

பாயோன் திரட்டியவற்றுள் இஸ்பானோ-சுயீசா வண்டி ஒன்று இருந்தது. அந்நிறுவனம் முதல் உலகப் போரில் வானூர்தி எஞ்சின்கள் செய்து புகழ்பெற்றது. கினமேர் என்னும் பிரெஞ்சு வான்படை வீரர் ஓட்டிய வானூர்தியில் அந்நிறுவனத்தின் எஞ்சினே இருந்தது. அவர் படைப்பிரிவின் சின்னம் பறக்கும் நாரை. 1917இல் அவ்வீரர் போரில் மாண்டார். போர் முடிந்தபின், 1919இல், அந்நிறுவனம் புதிய உயர்வகை வண்டி ஒன்றை வெளியிட்டபோது, அந்த நாரையையே வண்டியின் நெற்றியில் அணியாக வைத்தது. வானூர்தியில் கற்ற பாடமெல்லாம் அவ்வண்டியின் எஞ்சினில் வந்து சேர்ந்தன. நான்கு சக்கரங்களையும் ஒருங்கே நிறுத்தும் அதன் தடை அமைப்பைப் புகழ்மிக்க ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமே உரிமம் பெற்றுப் பின்பற்றியது. புகாட்டி, தெலாயே, பனார்-லெவாசோர் முதலிய வேறு வண்டிகளும் அத்தொகுதியில் இருந்தன. எகிப்து மன்னர் பாரூக்கிடம் இருந்த தால்போ-லாகோ வண்டி ஒன்றும் இருந்தது. அதன் மேற்கூடு சவுச்சிக்கின் கைவேலை.

இத்தகைய வண்டிகள் எடைக்கு விற்கப்படும் இரும்பாயின என்றால் நம்புதல் அரிது. ஆயினும் நடந்தது அதுவே. அதற்குக் காரணங்கள் உண்டு. எஞ்சினின் பெருமையைக் கணக்கிட்டு வரிக்குதிரைத்திறன் என ஓர் எண்ணைப் பிரெஞ்சு அரசாங்கம் வண்டிகளுக்கு வகுத்திருந்தது. போருக்குப் பின், 1948இல், அவ்வெண் 15-க்கு மேற்பட்ட வண்டிகளின்மேல் கடுமையான ஆண்டு வரி விதிக்கப்பட்டது. தால்போ-லாகோ நிறுவனத்தின் சிறந்த வண்டிக்குப் பெயரே டி-26. அதில் உள்ள 26 அந்த வரி எண்ணே! வரியைப் பெயரிலேயே சுமந்த வண்டியை வாங்குவார் எத்துணையர்? அவ்வகை வண்டியே 1950இல் லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் முதற்பரிசு பெற்றது. பந்தயத்தில் வென்றதாயினும் சந்தையில் அது வெல்லவில்லை.

மற்றொரு காரணம் வண்டி செய்யும் முறையே மாறியது. அடிச்சட்டம் வேறு, மேற்கூடு வேறு என்றில்லாமல், தகடுகளையே ஒன்றாகப் பற்றவைத்து முழு உடலாகச் செய்யும் முறை வந்தது. சித்ரோயன் நிறுவனம் 1934இல் வெளியிட்ட வண்டி அம்முறையிற் செய்யப்பட்டது. போருக்குப் பின் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். தனி அடிச்சட்டம் விற்பார் இல்லையாயின், அதன்மேற் கூடு கட்டுவார்க்கு வேலை ஏது? தெலாயே நிறுவனம் 1954இல் பிறிதொரு நிறுவனத்தோடு சேர்ந்து மறைந்தது. சவுச்சிக்கின் பட்டறை 1955இல் மூடப்பட்டது. தால்போ-லாகோ 1950களின் இறுதியிற் சிம்கா நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய பெருவண்டிகள் எண்ணெயை மிகுதியாகக் குடித்தன, உறுப்புகள் கிடைக்கவில்லை, அவற்றின் வடிவமும் பழமையாய்த் தோன்றியது. பிதாக்கள் பெருமையோடு வாங்கியதைப் புதல்வர்கள் வெட்கத்தோடு பழைய இரும்பு வணிகரிடம் தள்ளினர். அங்கிருந்து உலைக்களம் தொலைவன்று.

பாயோன் இடைமறித்தது அவ்விடத்திலேதான். 1950களின் நடுவிலிருந்து அவர் இத்தகைய வண்டிகளை வாங்கத் தொடங்கினார். உலைக்குச் செல்ல இருந்தவை பல அவர் கைக்கு வந்தன. ஏனையோர் இவற்றை எள்ளி நகையாடிய காலம் அது என்பதை மறத்தலாகாது. பின்னாளில் விலை ஏறும் என்று கணக்கிட்டு வாங்கினார் என்று கூறவும் இடமில்லை. அவ்வாறு கணக்கிட்டவராயின் நல்ல நிலையில் இருந்தவற்றைத் தேர்ந்து வாங்கியிருப்பார். அவர் முறிந்ததையும் முடமானதையும் வாங்கினார். அவற்றைச் செப்பம் செய்து, ஒரு காட்சிச்சாலை அமைத்து, மோட்டார் வண்டியின் வரலாற்றை மக்கள் கண்ணாற் காணச் செய்ய வேண்டும் என்பது அவர் கொண்ட எண்ணம். வண்டிகளின் தொகை ஏறத்தாழ 200 ஆக வளர்ந்தது. அவற்றை நிறுத்தத் தம் நிலத்தில் தகரக் கூரை வேய்ந்த கொட்டகைகள் அமைத்தார். சுவர் இல்லாத கொட்டகை பல.

எண்ணம் பெரிது, ஆனால் காலம் இடந்தரவில்லை. 1970களில் அவருடைய லாரித் தொழில் நலிந்தது. கடன் தீர்க்கும்பொருட்டு வண்டிகளில் 50 அளவின ஏலத்தில் விற்கப்பட்டன. தாம் உலையிலிருந்து மீட்டதைத் தம் கண்முன் பிறர் ஓட்டிச் செல்லக் காண்பது எளிதாய் இராது. அதன்பின் திரட்டும் முயற்சி நின்றது. செப்பம் செய்யும் முயற்சியும் நின்றது. காட்சிச்சாலை எழவேயில்லை. எஞ்சிய வண்டிகள் நிறுத்திய இடத்தில் நின்றவாறே நின்றன. பாயோன் மறைந்தார். அவர் மகனும் 2013இல் மறைந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழையும் பனியும் அக்கொட்டகைகளின் ஊடே வந்து சென்றன.

மழை செய்யும் வேலை மெல்லியது, ஆனால் ஓயாதது. முதலிற் சக்கரத்தின் ரப்பர் வெடித்துக் காற்றிறங்கும். வண்டி தரையில் அமரும். தரையின் ஈரம் அடிச்சட்டத்தை எட்டும். எஃகுத் தகடு துருவேறும். அலுமினியம் துருவேறாது என்பர். ஆயினும் எஃகோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேருமாயின் அதுவும் வெண்பொடியாய் அரிந்துபோகும். இவற்றினும் பெருங்கேடு உள்ளே நிகழ்கின்றது. ஆஷ் மரம் வளைவதற்கு இசைவானது. அதிர்ச்சியைத் தாங்க வல்லது. ஆனால் ஈரத்திற்கு மட்டும் ஆற்றாது. வெளியே தகடு வடிவு குலையாது நிற்க, உள்ளே அதனைத் தாங்கிய சட்டகம் உளுத்துக் கொட்டும். ஒருநாள் கதவைத் திறப்பவர் கையோடு கதவே வந்துவிடும். தோலிருக்கைகளை எலிகள் கூடாக்கிக்கொள்ளும். கொடி கூரைவழி இறங்கித் திருப்புச் சக்கரத்தைச் சுற்றும்.

இந்நிலையிலேதான் பேரப்பிள்ளைகள் தம் உரிமையின் முன் வந்து நின்றனர். பாட்டனாரிடம் பழைய வண்டிகள் உண்டு என்பதை அவர்கள் அறிவர். எத்துணை உண்டு, எவை உண்டு, அவற்றின் மதிப்பு யாது என்பவற்றை அறியார். 2014இல் பாரிசிலுள்ள ஆர்க்குரியால் என்னும் ஏல நிறுவனத்தைச் சேர்ந்த மத்தியூ லமூர், பியேர் நொவிகோஃப் என்னும் இரு வல்லுநர் அந்நிலத்திற்கு வந்தனர். பழவண்டிகள் உண்டென்று கேள்வியுற்றுச் சென்று பார்த்தால், ஒன்றும் இன்றி வெறுங்கையோடு திரும்பும் நாளே அத்தொழிலில் மிகுதி. அன்று அவ்வாறு ஆகவில்லை. கொட்டகை கொட்டகையாக நடந்து எண்ணியபோது வண்டிகள் அறுபது அளவிற்கு இருந்தன.

எண்ணுதல் எளிது, இனங்காணுதலே அரிது. முகப்பு அணி இல்லை, வண்ணம் இல்லை, சில வண்டிகளுக்கு முகமே இல்லை. ஆயினும் ஒவ்வோர் அடிச்சட்டத்திலும் தொழிற்சாலை வெட்டிய எண் ஒன்று உண்டு. எஞ்சினில் ஓர் எண் உண்டு. மேற்கூடு கட்டியவர் தம் பெயர் பொறித்த சிறு தகட்டைக் கதவின் அடியிலோ முகப்பின் பக்கத்திலோ பதித்திருப்பார். துருவைத் துடைத்து அவ்வெண்களைப் படித்தல் வேண்டும். பின்பு அவற்றை நிறுவனங்களின் பழைய பதிவேடுகளோடும், கண்காட்சிகளில் எடுத்த நிழற்படங்களோடும், அக்கால இதழ்களோடும் ஒப்பிடல் வேண்டும். அடிச்சட்டமும் எஞ்சினும் பிறந்தநாள் தொட்டுப் பிரியாது இருக்கின்றனவா, இடையில் எவரேனும் ஒன்றனை மாற்றினரா என்பதும் அவ்வெண்களாலேயே தெளியும். பாட்டனார் நெஞ்சிலிருந்து மறைந்த வரலாறு, இவ்வாறு எண் எண்ணாக மீட்கப்பட்டது.

அங்கு ஒரு மூடிய கொட்டகை இருந்தது. அதனுள் பழைய இதழ்களின் குவியல் ஒன்று. குவியலின் கீழே ஒரு வண்டி. இதழ்களை அகற்றியபோது அது 1961இல் இத்தாலியில் செய்யப்பட்ட ஃபெராரி என்று கண்டனர். 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர் என்பது அவ்வகையின் பெயர். குறுகிய அடிச்சட்டம் உடைய அவ்வகை வண்டிகள் மொத்தம் அறுபதிற்கும் குறைவாகவே செய்யப்பட்டன. அவற்றுள்ளும் முகவிளக்குகள் கண்ணாடி மூடியோடு அமைந்தவை 37 மட்டுமே. இவ்வண்டி அந்த 37-இல் ஒன்று. அதன் அடிச்சட்ட எண் 2935. அவ்வெண்ணைப் பின்பற்றிச் சென்றபோது கதை விரிந்தது. 1961இல் பாரிசுக் கண்காட்சியில் நின்ற வண்டி அது. ஜெரார் பிளேன் என்னும் நடிகர் அதனை வாங்கினார். அவரிடமிருந்து அலென் தெலோன் என்னும் புகழ்பெற்ற திரைநடிகரின் கைக்கு வந்தது. 2024இல் மறைந்த அந்நடிகர் அவ்வண்டியில் அமர்ந்திருக்கும் நிழற்படங்கள் உலகறிந்தவை. அறிஞர் பலர் தேடிய அவ்வண்டியைப் பாயோன் 1971இல் வாங்கி, கொட்டகையில் நிறுத்தியிருந்தார். அதன் அருகே ஃப்ருவா என்னும் இத்தாலியக் கலைஞர் மேற்கூடு கட்டிய மசராட்டி வண்டி ஒன்றும் நின்றது. மழை படாத இடம் இவ்விரண்டிற்கும் கிடைத்திருந்தது, ஏனையவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இனி என் செய்வது என்னும் வினா எழுந்தது. பாட்டனாரின் எண்ணத்தை முடித்துக் காட்சிச்சாலை அமைத்தல் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். கேட்பது எளிது. சட்டகம் உளுத்த ஒரு வண்டியைச் செப்பம் செய்வதற்கே பல்லாயிரம் மணி நேர வேலை செல்லும், அத்தகையவை பல. பிரெஞ்சு நாட்டிலேயே மற்றொரு தொகுதி வேறு வழியில் சென்றதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். மியூலூஸ் நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய ஷ்லும்ப் உடன்பிறந்தார் இருவர், நானூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பிறர் அறியாமல் திரட்டி ஆலைக் கட்டடத்தில் வைத்திருந்தனர். அவர்கள் தொழில் முறிந்து, 1977இல் தொழிலாளர் அவ்விடத்தைக் கைப்பற்றியபோதுதான் வண்டிகள் வெளிப்பட்டன. அரசாங்கம் 1978இல் அவற்றை வரலாற்றுச் சின்னம் என அறிவித்துச் சிதறாது காத்தது. 1982இல் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இன்றும் அது மக்கள் சென்று காணும் இடமாய் உள்ளது. அவ்வண்டிகள் கூரையின்கீழ் மெருகோடு இருந்தன. பாயோனுடையவை அவ்வாறு இல்லை. காக்கும் பொருட்டுக் கொணர்ந்தவர் ஒரு நல்ல கூரையைத் தர இயலாது போனது அவர் செயலில் நேர்ந்த பெருங்குறையே. அதனை மறைத்துக் கூறுதல் நன்றன்று. ஆயினும் அவர் கொணரா திருந்தால் கூரையைப் பற்றிப் பேசவும் பொருள் இராது. உருகிய இரும்புக்கு எண் ஏது?

விற்பது என்றே முடிவாயிற்று. 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் பாரிசில் ஏலம் நிகழ்ந்தது. பழவண்டிக் கண்காட்சி ஒன்றில் அவ்வண்டிகளை முன்கூட்டியே மக்கள் காண வைத்தனர். கழுவவில்லை, துடைக்கவில்லை, தூசி படிந்தவாறே வைத்தனர். மெருகிட்ட வண்டிகள் நிறைந்த அம்மண்டபத்தில் மக்கள் முண்டியடித்து இத்துருவைக் காண வந்தனர்.

ஏலத்திற்கு வந்த 59 வண்டிகளும் விற்றுப்போயின. மொத்தத் தொகை 2 கோடியே 51 இலட்சம் யூரோ. அதில் ஃபெராரி ஒன்று மட்டும் பெற்றது 1 கோடியே 63 இலட்சம் யூரோ. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! மசராட்டி 20 இலட்சம் யூரோ அளவும், சவுச்சிக் மேற்கூடு கட்டிய 1949ஆம் ஆண்டுத் தால்போ-லாகோ ஒன்று 17 இலட்சம் யூரோ அளவும் பெற்றன. இக்கணக்கைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஃபெராரி உலையிலிருந்து மீட்கப்பட்டதன்று. பாயோன் வாங்கியபோது அது பத்து வயதுடைய ஓர் இத்தாலிய வண்டி. அதன் நிறுவனம் அன்றும் வாழ்ந்தது, இன்றும் வாழ்கின்றது. அதற்கு விலை தந்தது அதன் அழகோடு நடிகர் ஒருவரின் புகழுமாகும். மூடப்பட்ட பட்டறைகளின் கைவேலைகள், மறுமுறை எவராலும் செய்ய இயலாதவை, அதில் பத்தில் ஒரு பங்கும் நூறில் ஒரு பங்கும் பெற்றன. விலை ஒன்று, அருமை ஒன்று. பாயோன் தம் வாழ்நாளிற் பெரிதும் தேடித் திரிந்தது எதை என்பதை அவர் வாங்கிய வண்டிகளின் நிரலே கூறும்.

வாங்கியோர் முன்னும் ஒரு வினா நின்றது. வண்டியைப் புதிதுபோல் ஆக்குவதா, கண்டவாறே காப்பதா? ஏட்டுச்சுவடியிற் சிதைந்த சொல்லைத் தாமே நிரப்புவதா, சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுவதா என்று பதிப்பாசிரியர் வழக்கிடுவது போன்றதே இதுவும். புதுக்கினால் வண்டி ஓடும். அதன் ஒலி மீண்டும் கேட்கும். சவுச்சிக் கருதிய வளைவு ஒளியோடு விளங்கும். ஆனால் புதிய மரத்தில் பழைய தச்சரின் உளித்தடம் இராது. புதிய தகட்டில் அவர் சுத்தியல் பட்ட சுவடு இராது. காலம் தின்ற வண்டியில் அச்சுவடு எஞ்சியிருப்பின் அதனை அகற்றுவது மீட்பா, இழப்பா? வாங்கியோர் தத்தம் கருத்திற்கு ஏற்பவே இதற்கு விடை காண வேண்டியிருந்தது.

ஏலம் முடிந்தபின் வண்டிகள் வெவ்வேறு உடையாரிடம் பிரிந்து சென்றன. அவை ஓரிடத்தில் ஒருங்கே நிற்கும் நாள் இனி இல்லை. ஆயினும் ஓர் உயர்ந்த பழவண்டி கைமாறும்போது அதன் வரலாற்றைக் குறித்தல் மரபு: அடிச்சட்டம் செய்த நிறுவனம், மேற்கூடு கட்டிய கலைஞர், முதலில் வாங்கியவர், அவர்க்குப் பின் உடையவர் என நிரலாய்ச் செல்லும் அக்குறிப்பு. மன்னர் பாரூக்கின் பெயருக்குப் பின்னும், நடிகர் தெலோனின் பெயருக்குப் பின்னும், பெயரறியாத பழைய உடையார் பலர்க்குப் பின்னும், நியோர் வட்டாரத்து லாரித் தொழிலாளர் பாயோனின் பெயர் அந்நிரலில் நிற்கின்றது.